பன்னிரண்டு நிமிடம்

இடுப்பு வலியோடு பல வருடம் காலம் தள்ளுகிறவர்களுக்கு ஒரு விஷயம் பிடிபடுவதே இல்லை. வேலை அதிகம் செய்த அன்று பெரிதாக வலிப்பதில்லை. மறுநாள் காலையில்தான் பிடித்துக்கொள்கிறது. "நேத்து நல்லாத்தானே இருந்தேன், வீடு முழுக்க ஒட்டடை அடிச்சேனே, இன்னைக்கு என்ன வந்துச்சு?" என்கிறார்கள். ஒட்டடை அடித்ததில் தசை கிழியவில்லை, எலும்பு நகரவில்லை. முப்பது வருடமாக அடித்துவந்த அதே வீடு, அதே கம்பு. பிறகு ஏன் மூன்று நாள் படுக்கை?

இதோடு ஒட்டிக்கொண்டு இன்னொரு கேள்வியும் வரும். அதை மட்டும் டாக்டரிடம் யாரும் கேட்பதில்லை. "எல்லாரும் ஓடியாடி வேலை செய்றாங்க, எனக்கு மட்டும் ஏன் முடியல?" கேள்வி மாதிரி தெரிந்தாலும் இது தன்னைத்தானே திட்டிக்கொள்வது. முதல் கேள்வி நரம்பைப் பற்றியது, இரண்டாவது மனசைப் பற்றியது என்றுதான் நினைப்போம். கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்தால், முதலாவதற்கு மருந்து சொல்ல வேண்டுமானால் இரண்டாவதையும் தொடாமல் முடியாது என்று தெரிகிறது.

ஸ்கேனில் இருப்பதும் இல்லாததும்

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கிற, அல்லது விட்டுவிட்டு வந்துகொண்டே இருக்கிற வலிக்கு நாள்பட்ட வலி என்று பெயர். சாதாரணக் காயம் ஆறுவதற்கு மூன்று மாதம் தாராளம். அதற்கு மேலும் வலித்தால் "உள்ளே ஏதோ கெட்டுப்போயிருக்கிறது" என்று பயந்து எம்ஆர்ஐ எடுக்கிறோம். "ஜவ்வு தேய்ஞ்சிருக்கு", "டிஸ்க் பிதுங்கியிருக்கு" என்று அதில் வருகிறது. அன்றிலிருந்து குனியவே பயம்.

2015இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு இந்தப் பயத்தைக் கொஞ்சம் தணிக்க வேண்டும். முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களை அதில் கணக்கெடுத்தார்கள். 50 வயதுக்காரர்களில் 80 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் இருந்தது. 60 சதவீதம் பேருக்குப் பிதுக்கம் இருந்தது. எதுவும் தெரியாமல் அவர்கள் நன்றாகத்தான் நடமாடிக்கொண்டிருந்தார்கள். 20 வயதிலேயே 37 சதவீதம் பேருக்குத் தேய்மானம் உண்டு. ஆக, ஸ்கேனில் தேய்மானம் தெரிந்தால் வலிக்கு அதுதான் காரணம் என்று சத்தியம் செய்ய முடியாது. ஸ்கேன் சுத்தமாக இருந்தால் வலியே பொய் என்றும் சொல்ல முடியாது.

இதைப் படித்துவிட்டு எல்லா வலியையும் அலட்சியப்படுத்திவிடக் கூடாது. சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் நிற்காமல் போவது, தொடைகளுக்கு நடுவே மரத்துப்போவது, கால் பலமிழப்பது, கீழே விழுந்த பிறகு வந்த வலி, காய்ச்சலோடு சேர்ந்த வலி, காரணமில்லாமல் எடை குறைவது, புற்றுநோய் வந்துபோனவருக்குப் புதிதாக வரும் முதுகுவலி, இவற்றில் எது இருந்தாலும் உடனே டாக்டரிடம் போக வேண்டும். இவை எதுவும் இல்லை என்று உறுதியான பிறகும் விடாமல் தொடர்கிற வலியைப் பற்றித்தான் இங்கே பேசுகிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் 11ஆம் பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. நாள்பட்ட வலிக்கு அதில் தனி இடம் கொடுத்திருக்கிறார்கள். வேறொரு நோயின் அறிகுறியாக மட்டும் பார்க்காமல், வலியே ஒரு நோயாக இருக்க முடியும் என்பதை இப்போதாவது ஒத்துக்கொண்டார்கள்.

காயம் ஆறிவிட்டது, நரம்பு ஆறவில்லை

தோசைக்கல்லில் விரலைச் சுட்டுக்கொண்ட அன்று வெந்நீரில் குளித்துப் பார்த்திருப்பீர்கள். மற்ற விரல்களுக்கு இதமாக இருக்கும் அதே தண்ணீர் சுட்ட விரலில் எரியும். அங்கே காயத்திலிருந்து கசியும் வேதிப்பொருட்கள் நரம்பு முனைகளை உசுப்பிவிட்டிருக்கின்றன. ஆனால் சுடாத தோலும், காயத்தைச் சுற்றிக் கொஞ்ச தூரத்துக்கு, தொட்டால் சுரீர் என்கிறதே? அதற்குக் காரணத்தை விரலில் தேடிப் பயனில்லை. அது முதுகுத்தண்டுக்குள் ஓடும் தண்டுவடத்தில் இருக்கிறது.

1983இல் லண்டனில் ஆய்வு செய்துகொண்டிருந்த கிளிஃபோர்ட் உல்ஃப் எலிகளிடம் இதைக் காட்டினார். பின்னங்காலில் காயம் பட்ட பிறகு, எலியின் தண்டுவடமே முன்னைவிட எளிதில் தூண்டப்படும் நிலைக்கு மாறியிருந்தது. காலிலிருந்து வரும் செய்தி சிறியதாக இருந்தாலும் தண்டுவடத்திலிருந்து பெரியதாகக் கிளம்பியது. இதை மையக் கூருணர்வு என்று சொல்லலாம். காயம் புதிதாக இருக்கும்போது இது நல்லதுதான். அந்த இடத்தை யாரும் தொடாமல் காக்கிறது. காயம் ஆறியதும் இதுவும் அடங்க வேண்டும். சிலருக்கு அடங்குவதில்லை.

கோயில் திருவிழாவில் மைக் செட்காரர் சத்தத்தை முழுக்கக் கூட்டிவைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார் என்று வையுங்கள். மைக் முன்னால் ஒருவர் நோட்டீஸைப் பிரித்தாலே கூம்பு ஸ்பீக்கர் அலறும். நோட்டீஸில் என்ன குற்றம்? நாள்பட்ட வலிக்காரரின் இடுப்பிலிருந்து கிளம்பும் செய்தி அந்தக் காகிதச் சத்தம் அளவுதான். கேட்கிற அலறல் நிஜம், அதில் கற்பனை எதுவும் இல்லை. அலறலின் அளவை வைத்துக் காயத்தின் அளவைக் கணக்குப் போடுவதுதான் தப்பு.

சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கிவரும் நரம்புப் பாதைகள் உண்டு. 1975இல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் ஜான் ஹியூஸும் ஹான்ஸ் கோஸ்டர்லிட்ஸும், மார்ஃபின் போலவே வேலை செய்கிற பொருளை மூளையே சுரக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். வலியைக் குறைக்கும் சரக்கு நம்மிடமே இருக்கிறது. தூக்கமின்மை, பயம், இது என்னை எங்கே கொண்டுபோய் விடுமோ என்ற ஓயாத யோசனை, இவையெல்லாம் மறுபக்கம் நின்று சத்தத்தைக் கூட்டுகின்றன.

இப்போது ஒட்டடைக்கு வருவோம். பழக்கமில்லாத அளவு உழைத்த தசை ஒரு நாளிலிருந்து மூன்று நாள் கழித்துத்தான் வலியின் உச்சத்தைத் தொடும். புதிதாக ஜிம்முக்குப் போன பையன்களைக் கேட்டால் சொல்வார்கள். ஆரோக்கியமானவருக்கு அது சும்மா உடம்பு வலி. சத்தம் கூட்டிவைக்கப்பட்ட நரம்பு மண்டலத்துக்கு அதே செய்தி மூன்று நாள் படுக்கை. படுத்ததில் தசை இன்னும் கொஞ்சம் தளர்கிறது. அடுத்த நல்ல நாள் வந்ததும், விட்டுப்போன வேலையை எல்லாம் சேர்த்துச் செய்யத் தோன்றுகிறது. செய்கிறோம். மறுபடி விழுகிறோம். ஒவ்வொரு சுற்றிலும் எழுந்து நிற்கும் நாட்கள் குறைகின்றன.

எழுந்திருக்கச் சொல்வது யார்?

இந்தச் சுழலை உடைக்க வழி சொன்னவர்கள் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் இருந்தார்கள். அங்குள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் வலிக்கென்றே மருத்துவமனைப் பிரிவை உருவாக்கிய ஜான் பொனிக்கா, இத்தாலியிலிருந்து போய்க் குடியேறியவர். படிப்புச் செலவுக்காக மல்யுத்தம் செய்தவர். அந்த அடிகள் வாழ்நாள் முழுக்க அவர் உடம்பில் வலியாகத் தங்கின. மருத்துவர், உளவியலாளர், பயிற்சியாளர் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரு நோயாளியைப் பார்க்க வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்ததில் ஆச்சரியம் இல்லை.

அவருடைய குழுவில் இருந்த உளவியலாளர் வில்பர்ட் ஃபோர்டைஸ், 1976இல் ஒரு நூல் எழுதினார். வலிக்காரர்கள் என்ன செய்கிறார்கள் என்பதை அவர் கவனித்த விதம் எளிமையானது. வலி தாங்க முடியாத வரை வேலை செய்கிறார்கள். பிறகு படுக்கிறார்கள், மாத்திரை போடுகிறார்கள், வீட்டார் வந்து விசாரிக்கிறார்கள். அதாவது ஓய்வு, நிவாரணம், அன்பு மூன்றும் வலி உச்சத்துக்குப் போன பிறகுதான் கிடைக்கின்றன. உச்சத்துக்குப் போனால்தான் ஓய்வு என்பதை உடம்பு பழகிக்கொள்கிறது. இதை அவர் தலைகீழாக்கினார். வலி சொல்லி ஓய்வெடுக்காதே, கடிகாரம் சொல்லி ஓய்வெடு. வலிக்காவிட்டாலும் நேரம் ஆனதும் நிறுத்து. கொஞ்சம் வலித்தாலும் நேரம் ஆனதும் மறுபடி தொடங்கு.

இப்படி அளந்து வேலை செய்வதை அளவுநடை என்று வைத்துக்கொள்வோம். கேட்க எளிது. செய்து பார்த்தால்தான் எங்கே சிக்குகிறது என்று தெரியும்.

வளர்மதியின் தையல் மெஷின்

ஈரோட்டில் வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுக்கும் 46 வயதுப் பெண் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். பெயர் வளர்மதி. ஆறு வருடமாக இடுப்பு வலி. ஆபத்தான காரணம் எதுவும் இல்லை என்று டாக்டர் பார்த்துச் சொல்லிவிட்டார். நல்ல நாள் வந்தால் மெஷினை விட்டு நாலு மணி நேரம் எழ மாட்டார். வாரத்தில் அப்படி இரண்டு நாள் அமையும். மற்ற நாட்களில் மெஷின் மேல் துணி மூடியிருக்கும். ஆக, வாரத்துக்கு 8 மணி நேர வேலை.

முதல் வாரம் எதையும் மாற்ற வேண்டாம், அளந்தால் போதும். மெஷினில் உட்கார்ந்ததிலிருந்து வலி ஏறத் தொடங்கும் வரை எத்தனை நிமிடம்? வலி தாங்க முடியாமல் போகும் வரை அல்ல, ஏறத் தொடங்கும் வரை. ஏழு நாளில் வளர்மதி குறித்துவைத்தது: 25, 10, 15, 20, 12, 8, 22. கூட்டினால் 112, ஏழால் வகுத்தால் 16. அந்த 16இலும் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துவிட வேண்டும். ஏனென்றால் சராசரி என்பது ஏறக்குறைய பாதி நாட்கள் அதைத் தொடவே முடியாத எண். கழித்தால் 13க்குச் சற்றுக் குறைவு. 12 என்று வைத்துக்கொள்வோம்.

12 நிமிடம் தைக்க வேண்டும், எழுந்துவிட வேண்டும். ஐந்தாறு நிமிடம் வாசல் வரை நடந்து வரலாம், மேஜைமேல் நின்றபடி கட்டிங் போடலாம். பிறகு இன்னொரு 12. காலையில் பிள்ளைகள் பள்ளிக்குப் போனதும் நாலு முறை, மதியத்துக்கு மேல் நாலு முறை. ஒரு நாளைக்கு 96 நிமிடம். ஞாயிறு லீவு. ஆறு நாளைக்கு 576 நிமிடம். 9 மணி 36 நிமிடம்.

கணக்கை மறுபடி பாருங்கள். அடித்துப்பிடித்து இரண்டு நாள் தைத்தபோது 8 மணி நேரம். பன்னிரண்டு பன்னிரண்டு நிமிடமாகத் தைத்தால் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் கூடுதல். படுக்கையில் போகும் நாட்கள் குறைந்தால் அது தனி லாபம். இரண்டு வாரம் இது ஒத்துப்போனால் வாரத்துக்கு ஒரு நிமிடம் கூட்டலாம். 12, 13, 14 என்று. உடம்பு எவ்வளவு உற்சாகமாக இருந்தாலும் அன்றைய அளவுக்கு மேல் ஒரு நிமிடமும் கிடையாது. இந்த விதி நல்ல நாட்களுக்காகவே போட்டது.

எல்லா வலிக்காரருக்கும் இது ஒரேபோல் பலிக்கும் என்று நான் சொல்லமாட்டேன். ஆய்வு முடிவுகளும் ஒருமுகமாக இல்லை. குறிப்பாக, அளவுநடையைக் காரணமாக்கி வேலையைக் குறைத்துக்கொண்டே போகிறவர்களுக்கு அது உதவுவதில்லை. மெல்லக் கூட்டிக்கொண்டு போவதும் சேர்ந்தால்தான் பயன். பிசியோதெரபிஸ்ட் ஒருவர் கூட இருந்து எண்ணைச் சரிபார்த்தால் நல்லது.

ஊசியை இறக்கி நிறுத்துவது

பன்னிரண்டாவது நிமிடம் போன் அலாரம் அடிக்கிறது. வளர்மதி ஒரு லைனிங் பிளவுஸுக்குக் கை வைத்துக்கொண்டிருக்கிறார். இன்னும் அரை ஜாண் ஓட்டினால் கை முடிந்துவிடும். வலியும் இல்லை. ஊசியைத் துணியிலேயே இறக்கி நிறுத்திவிட்டு எழுந்தால், திரும்பி வந்து அதே இடத்திலிருந்து தொடரலாம், தையல் கோணாது. தொழில்முறையில் எந்தச் சிக்கலும் இல்லை. ஆனாலும் எழ முடிவதில்லை.

அடுக்களையிலிருந்து மாமியார், "ஏங்கண்ணு, இப்பத்தான உக்காந்த, அதுக்குள்ள எந்திரிச்சிட்ட?" என்கிறார். அவர் அக்கறையாகத்தான் கேட்டார். "டாக்டரு சொல்லியிருக்காருங்கத்தை" என்று வளர்மதி பதில் சொல்லிவிட்டாலும், உள்ளே வேறொரு குரல் ஓடுகிறது: "வலியே இல்லாதப்ப எந்திரிச்சு நிக்கிறியே, வெக்கமா இல்ல? சும்மா உக்காந்து தின்னறதுக்கா வந்த?"

அலாரம் தோற்பது இந்த இடத்தில்தான். நாலு மணி நேரம் விடாமல் தைத்த அந்த நல்ல நாட்களை இந்தக் குரல்தான் ஓட்டியது. படுத்திருந்த நாட்களுக்கான கடனை அடைக்கச் சொல்லித் துரத்தியது. நம் வீடுகளில் வலியை வெளியே காட்டாமல் உழைப்பவளுக்கு நல்ல பெயர். இடுப்பில் கையை ஊன்றியபடி கல்யாணப் பந்தியில் பரிமாறுகிற அத்தைமார்களைப் புகழ்ந்து பேசாத குடும்பம் உண்டா? அந்தப் புகழுக்கு நரம்பு மண்டலம் கொடுக்கும் விலையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டின் நெஃப் 2003இல் வரையறுத்த ஒரு பண்பு இங்கே உதவிக்கு வருகிறது. தன்பரிவு என்று சொல்லலாம். அவர் அதில் மூன்று அம்சங்கள் பார்க்கிறார். தோழிக்கு இதே நிலை வந்தால் என்ன சொல்வோமோ அதையே தனக்கும் சொல்வது. இது தனக்கு மட்டும் வந்த தண்டனை இல்லை, பலரும் படுவதுதான் என்று உணர்வது. வலியை மறைக்காமலும் ஊதிப் பெருக்காமலும் உள்ளபடி பார்ப்பது. தன்னிரக்கத்துக்கும் இதற்கும் நடுவே இரண்டாவது அம்சம் கோடு கிழித்துவிடுகிறது. தன்னிரக்கம் "எனக்கு மட்டும்" என்று தனியே போய் உட்காரும்.

இதற்கும் நரம்புக்கும் என்ன தொடர்பு? ஆஸ்திரேலியாவின் லோரிமர் மோஸ்லியும் நெதர்லாந்தின் ஆர்னூட் ஆர்ன்ட்ஸும் 2007இல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. மைனஸ் 20 டிகிரி குளிரில் இருந்த உலோகக் கம்பியை அரை நொடி கையில் தொடவைத்தார்கள். தொடும்போது சில முறை சிவப்பு விளக்கு, சில முறை நீல விளக்கு. அதே கம்பி, அதே குளிர். ஆனால் சிவப்பு எரிந்தபோது அதிகம் வலித்ததாக மக்கள் சொன்னார்கள். சிவப்பு என்றால் சூடு, ஆபத்து என்று மூளை எடுத்துக்கொண்டது. தொடுகிற பொருளோடு அதன் அர்த்தமும் சேர்ந்துதான் வலி உருவாகிறது. வெறும் விளக்கின் நிறத்துக்கே இவ்வளவு என்றால், பகல் முழுக்க "நீ எதுக்கும் லாயக்கில்லை" என்று ஓடும் குரல் எந்த நிறம்? இது என் ஊகம்தான், சோதனை அதைக் காட்டவில்லை. தன்பரிவு அதிகம் உள்ள வலிக்காரர்களிடம் மனச்சோர்வும் முடக்கமும் குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் பார்த்திருக்கின்றன. எது காரணம், எது விளைவு என்பதை அவற்றில் பெரும்பாலானவை சொல்லமுடியாது. வலி குறைவாக இருப்பவருக்குத் தன்னோடு அன்பாக இருப்பது சுலபம் என்றும் வாதாடலாம்.

எனக்கு அதைவிட நடைமுறையான காரணம் போதும். அந்தக் குரல் அடங்காமல் வளர்மதியால் பன்னிரண்டாவது நிமிடத்தில் எழ முடியாது. எழாவிட்டால் மேலே போட்ட கணக்கு எல்லாம் வீண். அதனால் அலாரத்துக்கு ஒரு வாக்கியத்தையும் சேர்த்துக்கொள்ளச் சொல்வேன். ஊசியை இறக்கும்போது, பக்கத்து வீட்டுக்காரிக்கு இதே வலி இருந்தால் என்ன சொல்லியிருப்போமோ அதை, அதே பேச்சு நடையில்: "எந்திரி புள்ள, கொஞ்சம் நட, பிளவுஸு எங்கயும் ஓடிறாது." மந்திரம் மாதிரி இலக்கணத் தமிழில் சொன்னால் யாருக்கும் ஒட்டாது.

வலி ஏறும் நாளுக்கு ஒரு சீட்டு

எவ்வளவு அளந்து செய்தாலும் வலி ஏறும் நாட்கள் வரும். சரியாகத் தூங்காத வாரம், பஸ்ஸில் நின்றுகொண்டே போன பயணம், சில சமயம் காரணமே தெரியாது. அன்று யோசிக்கத் தெம்பு இருக்காது. அன்றுதான் மெடிக்கலில் போய் "இடுப்புக்கு ஒரு மாத்திரை குடுங்க" என்று வாங்கி வாரக்கணக்கில் விழுங்குவதும் நடக்கும். டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகளை இப்படித் தொடர்ந்து போட்டால் வயிற்றில் புண் வரலாம், சிறுநீரகமும் கெடலாம். எந்த மாத்திரை, எத்தனை நாள் என்பதை டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதிவைத்துவிடுவது உத்தமம்.

வளர்மதியின் சீட்டில் மாத்திரைக்குக் கீழே இன்னும் சில வரிகள் இருக்கலாம். வலி ஏறிய அன்று 12க்குப் பதில் 6 நிமிடம், முழு நிறுத்தம் இல்லை. முழு நாள் படுக்கை தசையைத் தளர்த்துமே தவிரத் தேற்றாது. அதனால் மணிக்கு ஒருமுறை வாசல் வரை நடை. இரண்டு நாள் கழித்து 8, பிறகு 10, பிறகு 12. மதியம் போன் பார்த்துக்கொண்டு படுத்து இராத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வதில்லை. அன்றைக்குக் குழம்பை மாமியார் வைப்பார், துணியை வீட்டுக்காரர் காயப்போடுவார். இதை வலி வந்த பிறகு முனகிக்கொண்டே கேட்பதைவிட நன்றாக இருக்கும் நாளில் பேசி முடித்துவிட்டால், கேட்பவருக்கும் கூச்சம் இல்லை, செய்பவருக்கும் சலிப்பு இல்லை. ஃபோர்டைஸ் சொன்னதுபோல, உதவியும் உச்சகட்ட வலிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

"இப்படியெல்லாம் செஞ்சா வலி போயிடுமா?" என்று கேட்டால், பலருக்கு முழுசாகப் போகாது என்பதுதான் பதில். முதலில் அதிகரிப்பது வேலை செய்ய முடிகிற நேரம். வலியின் அளவு குறைந்தால் அது பின்னால்தான் வரும், சிலருக்கு அவ்வளவாகக் குறைவதும் இல்லை. தினமும் வலிக்கு மார்க் போட்டுப் பார்ப்பதைவிட, எத்தனை பிளவுஸ், எத்தனை நிமிடம் என்று நோட்டில் எழுதுவது மனசுக்கு உபகாரம்.

சீட்டின் கடைசி வரிக்குத்தான் வீட்டில் எதிர்ப்பு வரும்: தீபாவளிக்கு முந்தின மாதம் அளவுக்கு மேல் ஆர்டர் வாங்குவதில்லை. வருஷ வருமானத்தில் பாதி அந்த மாதத்தில்தான் என்றால் யார்தான் சும்மா இருப்பார்கள்? கட்டிங்கை மட்டும் தானே நின்றுகொண்டு போட்டுவிட்டு, அடிக்கிற வேலையைப் பக்கத்துத் தெருவில் தைப்பவரிடம் கொடுத்துக் கூலியைப் பங்கிட்டுக்கொள்ள முடியும். ஆனால் ஐப்பசி வந்த பிறகு போய்க் கேட்டால் அவரிடமும் துணி மலைபோலக் குவிந்திருக்கும். ஆடியிலேயே பேசிவைத்துவிட வேண்டும்.